செபஸ்தியாருக்கு முதல் சத்தம்

“இந்த வருஷம் துப்பாக்கிய நான் சுடறேன்.”

எல்லாருக்கும் வஞ்சிரக் குழம்பு ஊற்றி முடித்த கையோடு, இன்னொரு அப்பளம் கேட்கிற மாதிரிதான் இதைக் கேட்டேன், ஃபாதர். கேட்கக் கூடாது என்று தெரியும். அப்பா உயிரோடு இருந்தபோது பலமுறை சொல்லியிருந்தார். “இன்னா வேணா கேளு டெப்பி. காலேஜ் கேளு, வண்டி கேளு. அத மட்டும் எவன் எதிர்லயும் கேட்டுடாத.” அவர் பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் பெட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து வேலை பார்த்து என்னை இன்ஜினியரிங் படிக்கவைத்தவர். எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அந்தத் துப்பாக்கியைக் கேட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

இந்தக் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நீங்கள் மூச்சுவிடுவது கேட்கிறது. அதுவே எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. இப்போதெல்லாம் பக்கத்தில் யாராவது தீக்குச்சி உரசினால்கூடத் தோள் தூக்கிப்போடுகிறது. அதனால் மெதுவாகப் பேசினால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஜஹாங்கீர் என்று ஒருவர் ஜெயிலில் இருக்கிறார். அவரை வெளியே கொண்டுவருகிற வார்த்தை என்னிடம் இருக்கிறது. இன்று மதியம் இன்ஸ்பெக்டர் என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார். போவதற்கு முன்னால் யாரிடமாவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. பாவசங்கீர்த்தனத்தில் உங்களிடம் சொன்னால் இந்தப் பெட்டியைத் தாண்டாது. அதுதானே முறை.

நீங்கள் இந்தப் பங்குக் கோயிலுக்குப் புதிது. திருவிழாவில் நடந்ததற்குப் பிறகு பழைய ஃபாதரை மாற்றிவிட்டார்கள். அதனால் உங்களுக்கு எங்கள் சந்துப் பழக்கம் தெரிந்திருக்காது. ராயபுரத்தில் ரயில்வே சுவரை ஒட்டி, எதிரே லாரி வந்தால் சைக்கிள் வீட்டுக்குள் ஏறிவிட வேண்டிய சந்து. அதன் முனையில் குகை மாதிரி கட்டின சின்னக் கோயில், செபஸ்தியார் கெபி. வருஷா வருஷம் சப்பரம் கெபியை விட்டு நகரும்போது எங்கள் வீட்டு ஆள் ஒருவர் வானத்தைப் பார்த்துத் துப்பாக்கி சுடுவார். குண்டு கிடையாது, வெடிமருந்து மட்டும். அதுவும் கேப் வைத்த துப்பாக்கி ஆகாது. சக்கிமுக்கிக் கல் உரசி, அந்தப் பொறியில் பற்றி வெடிக்க வேண்டும். சத்தம் வந்தால்தான் தூக்குகிறவர்கள் தோள் கொடுப்பார்கள். அப்பா சுட்டார். அவர் போனபிறகு அது தம்பிக்கு, அதாவது ஆண்ட்ரூ சித்தப்பாவுக்கு வந்தது. வீட்டில் மூத்த பிள்ளை நான். அதனால் கேட்டேன்.

சித்தப்பா துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். கத்திப் பேசியே பழகியவர். அன்று கத்தவில்லை. எழுந்து போய் ஆணியிலிருந்து துப்பாக்கியை எடுத்துவந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த என் நெஞ்சுக்கு நேராக நீட்டினார்.

“இன்னாமே, காலேஜ் போனா மீச மொளைக்குமா?”

விசையை அழுத்தினார். கல் உரசிப் பொறி பறந்தது. சுட்ட கல்லின் வாசனை சோற்றின் மேல் வந்து உட்கார்ந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஹில்டா சித்தி மட்டும், “வுடுய்யா, சோத்துல கைய வச்சிகினு கீது புள்ள, அதாண்ட போய் இன்னா வெளையாட்டு” என்றாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

உள்ளே மருந்து இல்லை. அது எனக்குத் தெரியும். என் தொடைக்குத்தான் தெரியவில்லை, அது நடுங்கி நிற்க வெகுநேரம் ஆனது. அன்றிலிருந்து அவர் மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டால் நான் கதவுக்குப் பின்னால் போய் நிற்க ஆரம்பித்தேன். அவர் என்னை அடித்ததில்லை. ஒரு தரம்கூட. அதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்பா பேரில் இருந்த லைசென்ஸ் அப்பாவோடு போனது. அந்தச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் பழைய துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். திருவிழாவுக்குப் புதிதாக ஒன்று வேண்டும், வாங்குவதா செய்வதா என்று கெபி கமிட்டி கூடிக் கூடிப் பேசியது. வாங்குவதென்றால் மவுன்ட் ரோடு பக்கம் பிராங்கிளின் என்பவரின் கடை. கமிட்டி ஆட்களோடு என்னையும் அழைத்துப்போனார்கள். மணலியில் ஒரு கம்பெனியில் எனக்குக் குழாய் பரிசோதிக்கிற வேலை. கர்ப்பிணிகள் வயிற்றில் பசை தடவி ஸ்கேன் எடுப்பார்களே, அதேபோல் இரும்புக் குழாய்க்கு எடுப்பேன். உள்ளே கீறலோ மடிப்போ இருந்தால் திரையில் ஒரு முள் எழுந்து நிற்கும். எவ்வளவு சின்னதானாலும் விடமாட்டேன் என்று கம்பெனியில் பெயர்.

பிராங்கிளின் பச்சைக் கம்பளியை விரித்து ஒன்றை எடுத்துவைத்தார். கல் துப்பாக்கிதான், பழைய மாதிரியில் புதிதாகச் செய்தது. குழலின் அடியில் சின்னதாக முத்திரை குத்தியிருந்தது. “இத கம்பெனில ரெண்டு மடங்கு மருந்து போட்டு வெடிச்சுப் பாத்துதாங்க வெளிய வுடுவான். லைசென்ஸ் வந்ததும் எடுத்துக்கினு போங்க. கண்ண மூடிக்கினு சுடலாம்” என்றார். கமிட்டி ஆட்களுக்குப் பிடித்துவிட்டது. சித்தப்பாவுக்கும்.

அப்போது நான் ஒன்று கேட்டேன். “இது ஏற்கெனவே சத்தம் போட்டதாச்சே சித்தப்பா. அப்போ மொதல் சத்தம்?”

எங்கள் சந்தில் அது ஒரு வழக்கம். புதுத் துப்பாக்கியின் முதல் சத்தம் செபஸ்தியாருக்கு. படைக்குமுன் பொங்கலை யாராவது வாயில் போட்டுப் பார்ப்பார்களா? அதுபோல, சப்பரத்தின் முன்னால் வெடிப்பதற்கு முன் அதை யாரும் எங்கும் வெடித்துப் பார்க்கக் கூடாது. பார்த்தால் எச்சில். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. மூடத்தனம் என்று அப்பாவிடமே சண்டை போட்டிருக்கிறேன். ஆனாலும் நினைவூட்டினேன். உண்மையைத்தான் சொன்னேன்.

சித்தப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர் என்னை மதித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. “எங்கண்ணன் வால்டர் பொண்ணுடா. நாம மறந்தாலும் அது மறக்கல பாரு” என்று என் தலையைத் தட்டினார். தட்டின இடம் ராத்திரி வரைக்கும் குளிர்ந்துகொண்டிருந்தது. முத்திரை குத்திய துப்பாக்கி கம்பளிக்குள் திரும்பப் போனது.

பிறகு செய்வதென்று முடிவானது. மூலக்கொத்தளத்தில் ஜஹாங்கீர் பாய் லேத் வைத்திருக்கிறார். சினிமாவுக்கு டம்மி வாள், டம்மி துப்பாக்கி செய்து கொடுப்பவர். டம்மிக்கு லைசென்ஸ் எதற்கு என்று கமிட்டி தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டது. கட்டையை அவர் மிக அழகாக இழைத்திருந்தார். குழலுக்குப் பழைய இரும்புக் கடையில் ஒரு பைப் எடுத்துவைத்திருந்தார். அதை நிமிர்த்தி ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு என்னிடம்தான் சொன்னார்.

“மேடம், நான் செய்யறது காட்றதுக்கு. வெடிக்கறதுக்கு இல்ல. இவுங்க இன்னான்னா கொஞ்சூண்டு மருந்து போட்டுக்கறோம்ன்றாங்க. எனக்கு பேஜாரா கீது. நீங்க பைப்பு டெஸ்ட் பண்றவங்களாமே. கொண்டு போய்ப் பாருங்க. தாங்கும்னு நீங்க சொன்னீங்கன்னா மாட்டித் தர்றேன். இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க, இவுங்க கைல வேலையத் திருப்பிக் குடுத்துடறேன்.”

பைப்பைக் கம்பெனிக்கு எடுத்துப்போய், சாப்பாட்டு நேரத்தில், செக்‌ஷனில் யாரும் இல்லாதபோது, பசை தடவிப் பார்த்தேன். முள் எழுந்தது. ஓரிடத்தில் என்றால் பரவாயில்லை. குழாயைத் திருப்பாமல் நீளவாக்கில் நகர்த்த நகர்த்த அது படுக்கவே இல்லை, கூடவே வந்தது. தகட்டைச் சுருட்டிக் குழாயாகப் பற்றவைத்த தையல் முழுக்கச் சரியாக ஒட்டியிருக்கவில்லை. எங்கள் கம்பெனியில் இப்படி ஒன்று வந்தால் சிவப்புப் பெயின்ட் அடித்து ஓரமாகப் போட்டுவிடுவேன். தண்ணீர்க் குழாய்க்குக்கூட விடமாட்டேன்.

சாயந்திரம் அவர் கடைக்குப் போனேன். டீ சொன்னார். பைப்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

“இன்னா மேடம்?”

“தாங்கும்.”

அவ்வளவுதான் ஃபாதர். ஒரே ஒரு வார்த்தை. அவர் முகம் தெளிந்தது. எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துவிட்டு நெற்றிக்குக் கொண்டுபோய், “அல்லா உங்கள நல்லா வைக்கட்டும்” என்றார். டீயைக் குடித்தேன். இஞ்சி அதிகம்.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். சித்தப்பா பயப்பட வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். மருந்து கொஞ்சம்தான் போடுவார்கள், குழல் பிளந்துகொள்ளும், அவர் எகிறிக் குதிப்பார், சந்தே சிரிக்கும். தொடை நடுங்கினால் எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியட்டும். இதில் வஞ்சம் என்ன இருக்கிறது, கணக்கு நேராவதுதான். அதற்கு மேல் நடந்தால் என்று யோசிக்கவில்லையா என்றால், யோசித்தேன். குழல் பிளக்கும்போது கை எங்கே இருக்கும், முகம் எங்கே இருக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். யோசித்துவிட்டுத் தள்ளிவைத்தேன்.

சொல்லக் கூடாது என்று நான் ஒருநாளும் முடிவெடுக்கவில்லை. சொல்லிவிடலாம் என்றுதான் காலையில் எழுந்திருப்பேன். அதற்குள் படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்கும். கதவுக்குப் பின்னால் போய் நிற்பேன். அவர் போனபிறகு, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கும்.

திருவிழா அன்று மாலை சந்து முழுக்க சீரியல் லைட். பேண்டு வாத்தியக்காரர்கள் பாட்டை நிறுத்திவிட்டு நின்றார்கள். தூக்குகிறவர்கள் சப்பரத்தின் கீழே குனிந்து தயாராக இருந்தார்கள். மருந்து போட்டுக் கெட்டித்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சித்தப்பா முன்னால் வந்தார். நான் சுவரோரமாக எங்கே நிற்பது என்று முன்பே பார்த்துவைத்திருந்தேன். அவர் மைக்கை வாங்கினார்.

“எங்கண்ணன் வால்டர் இன்னிக்கு இல்ல. இந்தத் துப்பாக்கி இங்க வந்துகீதுன்னா அது எங்கண்ணன் பொண்ணாலதான். வழக்கத்த ஞாபகம் வச்சது அது. பைப்பு பாத்துக் குடுத்தது அது. அதனால இந்த வருஷம் மொதல் சத்தம் எங்க டெப்பிது.”

விசில் பறந்தது. ஹில்டா சித்தி முந்தானையில் கண்ணைத் துடைத்தாள். யார் யாரோ என்னை முன்னால் தள்ளினார்கள். சித்தப்பா துப்பாக்கியை என் இரண்டு கையிலும் வைத்துவிட்டு, மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு என் காதில் சொன்னார்: “அன்னிக்கு ஏதோ வெளையாட்டுக்குப் பண்ணிட்டேன்மே. மன்சுல வச்சிக்காத.”

இப்போது சொல்கிறேன், அந்த நிமிஷம் போல நான் எப்போதும் பயந்ததில்லை. குழல் என் உள்ளங்கையில் ஐஸ் மாதிரி இருந்தது. அந்தத் தையல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். அதன் மேல் என் விரல் இருந்தது. மயங்கி விழுந்திருக்கலாம். துப்பாக்கியைக் கீழே போட்டிருக்கலாம். ‘இது சரியில்லை சித்தப்பா’ என்று மூன்றே வார்த்தை சொல்லியிருக்கலாம். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார்கள். அத்தனை பேர் எதிரில்.

சித்தப்பா பையன் சாவியோ எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் பயிற்சிக்குச் சேர்ந்த புதிது. புதுச் சட்டை. மற்ற எல்லாரையும்விட அவன்தான் சத்தமாக விசிலடித்தவன்.

“வேணாம் சித்தப்பா” என்றேன். “பழக்கத்த மாத்தக் கூடாது. வூட்டு ஆம்பளப் புள்ளதான் சுடணும். சாவியோ சுடட்டும்.”

எனக்குக் கிடைத்ததைவிட அதற்குத்தான் கைதட்டல் அதிகம். பெரியவர்கள் ‘படிச்ச பொண்ணுன்னா இப்படி இருக்கணும்’ என்றார்கள். நான் வாழ்நாளெல்லாம் எதை எதிர்த்தேனோ அதை என் வாயாலேயே சொன்னேன். அது எவ்வளவு பெரிய தியாகம் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

“யக்கா, நெசமாவா?” என்றான் சாவியோ. வாங்கும்போது என் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். “இன்னாக்கா, கை இப்டி ஆடுது? பயந்துகினியா? இவ்ளோதானா நீ?”

ஆமாம் என்றேன். அதுவும் உண்மை.

பிறகு சுவரோரமாக நகர்ந்தேன். எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அங்கே நின்ற சின்னப் பிள்ளைகளையும் சட்டையைப் பிடித்து இழுத்து என் பின்னால் விட்டேன். சித்தப்பாவையும், படம் பிடிக்க வெளிச்சம் சரியில்லை என்று சொல்லி இந்தப் பக்கம் வரவைத்தேன். இதை யாரும் சொல்வதில்லை. நான் மட்டும் அன்று அப்படி யோசிக்காமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேருக்குப் பட்டிருக்கும்.

சத்தம் வந்தது. செபஸ்தியாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

சாவியோவுக்கு வலது கை மணிக்கட்டோடு போனது. ஒரு கண்ணை எடுத்துவிட்டார்கள். இன்னொன்றில் வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் நான்தான் அவனுக்குக் கஞ்சி ஊட்டுகிறேன். என் வளையல் சத்தம் கேட்டால் போதும், முகத்தை இந்தப் பக்கம் திருப்பிச் சிரிக்கிறான். “நல்லவேள யக்கா, உன் கைல வெடிக்கல” என்கிறான். பார்க்க வருகிறவர்கள், நர்ஸ், பக்கத்துப் படுக்கைக்காரர் எல்லோரிடமும் இதையே சொல்கிறான். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. அந்தக் குரலுக்குத்தான் இப்போது பயம். சித்தப்பாவைப் பார்த்தால் பயமே இல்லை. அவர் படியேறுகிற சத்தம்கூட இப்போது கேட்பதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறுகிறார்.

சந்தில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? பொட்டச்சி கை பட்டதால் செபஸ்தியாருக்குக் கோபம் என்கிறார்கள். முதலில் என் கையில் கொடுத்ததுதான் தப்பாம். இனி எந்தப் பெண்ணும் தொடக் கூடாது என்று கமிட்டியில் பேசியிருக்கிறார்கள். இதைக் கேட்டபோது எனக்கு ரத்தம் கொதித்தது. என்ன அநியாயம் இது. செய்யாத ஒன்றுக்குப் பழி போடுவதற்கு மனசாட்சி வேண்டாமா?

ஜஹாங்கீர் பாயை அன்று ராத்திரியே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்தது ஒன்று. கெட்ட பைப் என்று தெரிந்தே மாட்டிக் கொடுத்தது இன்னொன்று, அதுதான் பெரியது. அவர் ஆரம்பத்திலிருந்து ஒன்றையே சொல்கிறாராம்: “மேடம் தாங்கும்னு சொன்னாங்க.” இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் கேட்டார், அப்படிச் சொன்னீர்களா என்று. கமிட்டி சொன்னதால் வெளியிலிருந்து சும்மா பார்த்தேன், உடைந்த துண்டுகளைச் சரியாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். துறை தெரிந்தவர் சொன்னால் நல்லது என்று அவரும் விட்டுவிட்டார். அதற்குத்தான் இன்று மதியம்.

பாயின் மனைவி ஜீனத் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்து உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். அவர் வெளியே நின்றுகொண்டே பேசினார். “படிச்ச பொண்ணு, நம்ம கடைல ஒக்காந்து டீ குடிச்சு மரியாதையா பேசிச்சுன்னு வூட்ல வந்து சொன்னாருங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா வுட்டுருவாங்களாம். நீங்க சொல்லுவீங்கன்னு அவரு நம்பிக்கினு கீறாரு.” கதவில் காதை வைத்துக் கேட்டேன். அவர் போய் வெகுநேரம் கழித்துத்தான் தாழ்ப்பாளை எடுத்தேன்.

என்ன கேட்டீர்கள்? வருத்தமா என்றா? வருத்தம் இல்லாமலா இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இல்லை ஃபாதர், நீங்கள் சொல்வது புரிகிறது. மதியம் போய் உள்ளதைச் சொல்ல வேண்டும், ஒன்றும் செய்யாத மனுஷன் உள்ளே இருக்கிறான், அவனை அங்கே விட்டுவிட்டு இங்கே மன்னிப்பு கேட்க முடியாது. சரிதான். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான் உள்ளே போனால் சாவியோவுக்குக் கஞ்சி யார் ஊட்டுவது? அவனுக்கு இப்போது வலது கை நான்தான். அவன் மனசில் அக்கா என்று ஒருத்தி இருக்கிறாள். கண்ணும் போய், கையும் போய், அவளும் போக வேண்டுமா? அது அவனை இன்னொரு முறை சுடுவதாகாதா? பாய் லைசென்ஸ் இல்லாமல் செய்தது நிஜம். பைப் கெட்டது என்பதும் நிஜம். எனக்கு முன்னால் அதை எடுத்துவைத்தது அவர். நான் மதியம் சொல்லப்போவது இவ்வளவுதான். இதில் எது பொய்?

இங்கே வருவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டேன். உங்களைக் கேட்டு மாற்றிக்கொள்வதற்காக வரவில்லை. நான் ஒன்றையும் மறைக்கிறவள் இல்லை என்று யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் வந்தேன்.

நான் கிளம்புகிறேன். ஸ்டேஷனுக்கு நேரமாகிறது. நீங்கள் எனக்காக ஜெபிக்க வேண்டாம், சாவியோவுக்காக ஜெபியுங்கள்.

கோயில் முன்வாசல் படியில் ஜீனத் உட்கார்ந்திருக்கிறார். நான் உள்ளே வந்ததைப் பார்த்துவிட்டுத் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு காத்திருக்கிறார். என் முகத்தைப் பார்த்தால் அவர் மனசு கஷ்டப்படும். அதனால் நான் பக்கவாசல் வழியாகப் போகிறேன். அந்த இரக்கம்கூட இல்லாவிட்டால் நான் என்ன மனுஷி.